மூன்றாம் நாள் நட்ட பலகை

புளத்கொகுபிட்டியவிலிருந்து மேலே ஏறும் பாதையில், வெரலுகந்தைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைத் தாண்டியதும் ஒரு வளைவு வரும். அந்த வளைவின் உள்பக்கம், முன்பு தேயிலைக் கன்று வளர்த்த சமதரையில், ஒரு தொண்டு நிறுவனம் பிள்ளைகளுக்கு விளையாட இடம் செய்து கொடுத்தது. இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு மரம், பந்தடிக்கக் கொஞ்சம் வெளி. வேலி போட வேண்டிய மாதத்தில் அவர்களுடைய திட்டம் முடிந்துபோனது. படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஊஞ்சலுக்கும் ரோட்டுக்கும் நடுவே மழைத்தண்ணீர் ஓடும் ஒரு கானும், அதன்மேல் போட்ட கற்பலகையும் மட்டுமே மிஞ்சின.

ரெஜினோல்ட் அந்தத் தோட்டத்தின் கொழுந்து லொறியை ஓட்டினான். கீழ் மலையில் பறித்து எடைபோட்ட தேயிலைக் கொழுந்தை மேலே பெக்டரிக்குக் கொண்டுபோவது அவன் வேலை. ஒரு நாளைக்கு நாலு தடவை அந்த வளைவைக் கடப்பான். பதினாறு வருடத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று மனைவி ஜெனிற்றா மற்றப் பெண்களிடம் சொல்லிக்கொள்வாள்.

விளையாட்டிடம் திறந்த முதல் மாதத்திலேயே இரண்டு தடவை அவன் பிரேக்கில் ஏறி நிற்க வேண்டி வந்தது. பந்து முதலில் வரும். பின்னால் பிள்ளை வரும். அவனுக்குச் சிங்களம் நன்றாக எழுத வரும். தோட்டத்து ஆபீசுக்கு ஒரு கடிதம் எழுதினான்: வளைவுக்கு முன்னால் இரண்டு பக்கமும் எச்சரிக்கைப் பலகை வேண்டும். ஆபீஸ் அதை வீதித் திணைக்களத்து ஆட்களிடம் கேட்கச் சொன்னது. வீதிக்காரர்கள், விளையாட்டிடம் பிரதேச சபையில் பதிந்திருந்தால்தான் பலகை போடலாம் என்றார்கள். சபையில், அது தோட்டத்துக் காணி, நாங்கள் பதிய முடியாது என்றார்கள். அவன் மறுபடி ஆபீசுக்கே எழுதினான். இரண்டு வருடத்தில் மூன்று கடிதம்.

மூன்றாவது கடிதத்துக்குத் தோட்டத்தின் உதவி மனேஜரான சின்ன துரை அவனைக் கூப்பிட்டனுப்பினார். ஆள் இளம்வயது, மரியாதையாகத்தான் பேசுவார். சிங்களத்தில் சொன்னார்.

"ரெஜினோல்ட், பலகை வைத்தால் என்ன அர்த்தம்? இங்கே ஆபத்து என்று நாங்களே எழுதி ஒட்டுகிற மாதிரி. பிறகு வேலி எங்கே என்று கேட்பார்கள். வேலி இல்லையென்றால் மூடு என்பார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் வேண்டுமா, பலகை வேண்டுமா?"

"ரெண்டும்தான் வேணும் சேர்" என்றான் ரெஜினோல்ட்.

சின்ன துரை சிரித்தார். பேச்சு அதோடு முடிந்தது.

ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் நாலு மணிக்குக் கிட்ட, தூறல். லொறியில் கொழுந்து நிறைய. அந்த வளைவுக்குப் பிறகு ஏற்றம். பாரத்தோடு ஏற வேண்டுமானால் வளைவுக்கு முன்பே வேகம் எடுத்துக்கொள்ள வேண்டும். விட்டால் முதல் கியரில் ஊர்ந்துதான் போக முடியும். அன்று அவன் வேகத்தை விடவில்லை. பந்து வரவில்லை. பிள்ளைதான் வந்தது. சிவப்புக் குடை ஒன்று கானைத் தாண்டி ஓடி வந்ததை அவன் பார்த்தான். அதற்குப் பிறகு சத்தம்.

சரோனுக்கு எட்டு வயது. ரெஜினோல்டின் லயத்திலேயே நாலு கதவு தள்ளியிருக்கும் தெரேசம்மாவின் மகள். வலது கால் தொடைக்குக் கீழே திரும்பிக் கிடந்தது. ரெஜினோல்டே தூக்கினான். வளைவுக்குக் கீழே பெட்டிக்கடை வைத்திருக்கும் ஹுஸைன் நானாவின் ஓட்டோவில் வைத்து, கேகாலை ஆஸ்பத்திரி வரைக்கும் மடியில் கிடத்திக்கொண்டு போனான். வழி முழுக்கப் பிள்ளை அழவில்லை. "அங்கிள், குடை எங்க?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் பொலிஸ் அவனைப் பிடித்தது. அன்றைக்கு மழை வலுத்ததால் இடத்தைப் பிறகு அளக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை நீதவான் முன் நிறுத்தினார்கள். வியாழக்கிழமை பிணை கிடைத்தது. வண்டி ஓட்டும் லைசனை நீதிமன்றம் வைத்துக்கொண்டது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஹுஸைன் நானாவின் கடையைத் தாண்டியதும் அதைக் கண்டான். மஞ்சள் பலகை, சிவப்பு விளிம்பு, நடுவில் ஓடுகிற இரண்டு பிள்ளைகளின் உருவம். கீழே மூன்று பாஷையில் எழுத்து. தமிழில் 'விளையாட்டு மைதாணம்' என்று பிழையாக இருந்தது. இரும்புக் கம்பத்தின் அடியில் சீமெந்து இன்னும் ஈரம். பழசாகத் தெரியட்டும் என்று அதன்மேல் யாரோ சேற்றை அள்ளிப் பூசியிருந்தார்கள். அவன் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினான். கம்பத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு நானாவின் கடைக்கு நடந்தான்.

"நானா, இது எப்ப?"

ஹுஸைன் நானா தேத்தண்ணிக் குவளையைக் கழுவிக்கொண்டே இருந்தார். "காலையில தம்பி. ஏழு மணி இருக்கும். ஆபீஸ் டிராக்டர்ல கொண்டாந்து நட்டாங்க."

"பொலிஸ் கேட்டா சொல்வீங்களா?"

அவர் குவளையைத் துடைத்து வைத்தார். அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இந்தக் கடை நிக்கிறது தோட்டத்து மண்ணுல. ஆபீஸ் வருசா வருசம் எழுதிக் குடுத்தாத்தான் எனக்குக் கடை. நான் பொய் சொல்ல மாட்டேன் தம்பி. ஆனா யாரும் வந்து கேக்காம இருக்கணும்னு அல்லாட்ட கேட்டுக்கிட்டிருக்கேன்."

வெள்ளிக்கிழமை பொலிஸ் வந்து நாடா பிடித்து அளந்தது. அவர்கள் வரைந்த படத்தில் பலகையும் ஏறியது. ஜனவரியிலிருந்தே பலகை அங்கே இருப்பதாக ஆபீஸ் எழுதிக் கொடுத்தது.

ரெஜினோல்டை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வழக்கு முடியும் வரைக்கும் லொறியைக் கிருஷாந்த் என்ற புதுச் சாரதி ஓட்டினான். வரக்காப்பொல பக்கத்துப் பையன். வீட்டில் ஜெனிற்றா மட்டும் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்வந்தாள். லயத்து வீடு தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்தவர்களுக்குத்தான். அவளுடைய பேரில்தான் இப்போது அந்த வீடு நின்றது.

"ஆபீஸ எதுத்துப் பேசிடாதீங்க" என்றாள் அவள். "என்னையும் நிப்பாட்டினா நாம எங்க போறது? ஒங்க அக்கா வீட்டுக்கா? அங்க எட்டுப் பேரு ஒரே காம்பராவுல கெடக்குறாங்க."

"பொய்யா நட்டிருக்காங்க ஜெனி."

"நீங்கதானே ரெண்டு வருசமா போர்டு போர்டுன்னு கேட்டீங்க?"

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஆனாலும் அவன் எழுந்து வெளியே போய்விட்டான். வெளியே போனால் லயத்து வாசல். நாலு கதவு தள்ளி தெரேசம்மாவின் வீடு. கதவு பூட்டியிருந்தது, அவள் ஆஸ்பத்திரியில். வாசலில் இருந்த பெண்கள் அவனைக் கண்டதும் பேச்சைக் குறைத்தார்கள். தண்ணிப் பைப்புக்குப் போனாலும் அப்படித்தான். திரும்பி வந்து கட்டிலில் படுத்தால் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம். அவ்வளவுதான் அவனுக்கு இருந்த இடம்.

இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, மண் கிளறும் இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போனான். பலகையைப் பிடுங்கிக் கானில் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தான். வருகிற வழக்கு வரட்டும், கண்ணுக்கு முன்னால் அது நிற்கக்கூடாது. பாடசாலை இல்லாத நாள். பிள்ளைகள் அதற்குள் ஊஞ்சலுக்கு வந்துவிட்டார்கள். அவன் கம்பத்தின் அடியில் அலவாங்கை ஊன்றியபோது கீழேயிருந்து லொறி ஏறி வரும் சத்தம் கேட்டது. அவனுடைய லொறி, சத்தத்திலேயே தெரியும். கிருஷாந்த் நல்ல வேகத்தில் வந்தான். பலகைக்கு இருபது மீற்றர் முன்னால் வேகம் குறைந்தது. கியரை மாற்றி, ஊர்ந்து, வளைவைக் கடந்து, மேலே திணறித் திணறி ஏறினான். அந்தப் பையனுக்கு இந்தப் பாதை புதிது. கீழேயிருந்து வரும்போது ஊஞ்சல் கண்ணில் படாது. பலகை சொல்லித்தான் தெரிந்தது.

ரெஜினோல்ட் அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

சட்டத்தரணி ஸபியா மாவனெல்லையைச் சேர்ந்தவள். தமிழில் பேசக்கூடிய ஆள் என்று மாதா கோயில் பாதர் அனுப்பிவைத்தார். அவள் மூன்று கடிதங்களின் நகலையும் மேசையில் வரிசையாக வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

"நல்லா எழுதியிருக்கீங்க. இதைக் காட்டினா, ஜனவரிக்குப் பிறகு எழுதின மூணாவது கடிதம் வரைக்கும் அங்க பலகை இருக்கல்லன்னு காட்டலாம். தேதியோட இருக்கு."

"அப்ப காட்டுவோம் மிஸ்."

"பொறுங்க. அடுத்ததா பொலிஸ் பக்கத்து ஆள் எழும்பி என்ன கேப்பாரு தெரியுமா?" அவள் ஒரு வரியில் விரலை வைத்துச் சிங்களத்தில் வாசித்தாள்: "'இந்த வளைவில் பிள்ளைகள் திடீரென்று ரோட்டுக்கு ஓடி வருகிறார்கள் என்பதை நான் தினமும் காண்கிறேன்.' இது ஒங்க கையெழுத்துத்தானே? பலகை இல்லாட்டியும் ஒங்களுக்குத் தெரியும். இந்த ஊர்ல ஒங்கள விட நல்லாத் தெரிஞ்ச ஆள் இல்ல. தெரிஞ்சும் ஏன் மெதுவாப் போகல்லன்னு கேப்பாரு."

ரெஜினோல்ட் குனிந்து அந்த வரியை மறுபடி வாசித்தான்.

"பலகை இருந்திச்சுன்னு வச்சாலும் பிழை ஒங்கள்ல. இருக்கல்லன்னு காட்டினாலும் பிழை ஒங்கள்ல வந்து நிக்கலாம்" என்றாள் ஸபியா. "வழக்காடினா மூணு, நாலு வருசம் போகும். ஏத்துக்கிட்டா தண்டம் கட்டிட்டு, ஒரு வருசம் லைசன் இல்லாம இருக்க வேண்டி வரும். பிள்ளையோட தாய் என்ன சொல்றாங்கங்கிறது முக்கியம். அவங்க பொலிஸுக்குக் குடுத்த வாக்குமூலத்துல பலகை இருந்திச்சுன்னு இருக்கு."

சரோன் ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தாள். காலில் இரும்பு வைத்துக் கட்டியிருந்தார்கள். அன்று பின்னேரம் ரெஜினோல்ட் நாலு கதவையும் கடந்து போனான். தெரேசம்மா அவனை உள்ளே கூப்பிடவில்லை. போகச் சொல்லவும் இல்லை. அவளுடைய புருஷன் கொழும்பில் கட்டட வேலைக்குப் போய்ப் பண்டிகைக்கு மட்டும் வருகிற ஆள். எதையும் அவள் தனியாகத்தான் முடிவெடுக்க வேண்டும்.

"புள்ளைக்கு எப்படி இருக்கு?"

"நடப்பாள்னு சொல்றாங்க. ஓட முடியுமான்னு கேட்டேன். பாப்போம்னு சொல்றாங்க."

அவன் வாசல் கல்லில் உட்கார்ந்தான். "போர்டு இருந்திச்சுன்னு கையெழுத்துப் போட்டியாமே" என்றான்.

"ஆஸ்பத்திரிக்கு ஆபீஸ் கிளாக்கர் வந்தாரு. சிங்களத்துல ஒரு தாள். புள்ளைக்கு ஒப்பரேசன் பண்ணிக்கிட்டிருக்காங்க. எனக்கு எழுத்தா தெரியும்? போடச் சொன்ன எடத்துல போட்டேன். பொறவுதான் சொன்னாங்க, என்ன இருக்குன்னு."

"இப்பத் தெரியும்ல."

"தெரியும்ணே." அவள் உள்ளே படுத்திருந்த பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இல்லன்னு நான் சொன்னா நாளைக்கே அதப் புடுங்கிட்டுப் போயிருவாங்க. ஊஞ்சலையும் சேத்துப் புடுங்குவாங்க. எம்புள்ள கால் போயித்தான் அந்தப் போர்டு வந்திருக்கு. அதப் புடுங்க நானே வாயத் தொறக்கணுமா?"

"அப்ப நான் ஜெயிலுக்குப் போகணுமா?"

"நீங்க வேகமாத்தானே வந்தீங்கண்ணே" என்றாள் அவள்.

அவளுடைய குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அவனால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

வழக்கு பெப்ரவரியில் வந்தது. தெரேசம்மாவை ஆபீஸ் வேனில் கிளாக்கர் கூட்டி வந்திருந்தார். நீதிமன்றத்து நடைபாதையில், கிளாக்கர் யாரோடோ தொலைபேசியில் பேசிக்கொண்டு தள்ளிப்போன நேரம் பார்த்து அவள் ரெஜினோல்டின் பக்கம் வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, கேட்டா உண்மையச் சொல்லிரப் போறேன். பூசைக்குப் போகவே முடியல. முட்டி போட்டா அந்தத் தாள்தான் கண்ணுக்குள்ள வருது. போர்ட எடுத்தா எடுக்கட்டும். திரும்பப் போய்க் கேப்போம்."

அவன் அவளைப் பார்த்தான். இவ்வளவு நாளும் இந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தான். ஆனால் அவள் சொன்ன அந்த நிமிடத்தில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கிளாக்கரின் முதுகும், வேனும், நாலு கதவு தள்ளிக் காலில் இரும்போடு படுத்திருக்கும் பிள்ளையும்தான். பேர் பதிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் தெரேசம்மா. முதல் வாக்குமூலம் பொய் என்றால் பொலிஸ் அவளையும் கேட்கும்.

பெயர் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினான். குற்றப்பத்திரத்தைச் சிங்களத்தில் வாசித்து, குற்றவாளியா, குற்றமற்ற சுற்றவாளியா என்று கேட்டார்கள்.

"குற்றவாளி" என்றான் அவன் சிங்களத்தில். பிறகு, "ஆனால் கனம் நீதவான் அவர்களே, அன்றைக்கு அங்கே பலகை இருக்கவில்லை" என்றான்.

நீதவான் எழுதுவதை நிறுத்தினார். "அப்படியானால் நீர் சுற்றவாளி என்று சொல்ல வேண்டும். விசாரணை வைக்கிறேன்."

"இல்லை. பலகை இல்லாமலே எனக்குப் பிள்ளைகள் இருப்பது தெரியும். ஏற்றத்துக்காக வேகத்தை விடாமல் வந்தேன். குற்றம் என்னுடையது. பலகை இருக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்."

"இரண்டையும் சேர்த்து எழுத முடியாது. எது?"

ஸபியா எழும்பி ஒரு நிமிடம் அவகாசம் கேட்டாள். அவன் அவளிடம் திரும்பி வேண்டாம் என்று தலையை ஆட்டினான். மக்கள் உட்காரும் வாங்கில் தெரேசம்மா பாதி எழுந்து நின்றிருந்தாள். அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"குற்றவாளி" என்றான்.

தண்டம் விதித்தார்கள். ஒரு வருடத்துக்கு லைசன் இல்லை. ஒத்திவைத்த சிறைத்தண்டனையும் உண்டு. எல்லாம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

தெரேசம்மா ஆபீஸ் வேனில் ஏறவில்லை. பஸ் நிலையத்தில் அவனைப் பிடித்தாள். ஆட்கள் பார்ப்பதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை.

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"ஒனக்காகத்தான் தெரேசம்மா. ஒன்னைப் போட்டு நசுக்கியிருப்பாங்க."

"எனக்காகவா? நான் கேட்டேனா?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "நாலு மாசம் யோசிச்சு யோசிச்சு இன்னைக்குத்தான் எனக்குத் தைரியம் வந்திச்சு. இனி அந்தத் தாள்ல உள்ளதுதான் உண்மை. நான் போய்ச் சொன்னாலும் யார் கேப்பா? வழக்கு முடிஞ்சிருச்சு. நீங்க தண்டத்தக் கட்டிட்டுப் போயிட்டீங்க. நான்தான் பொய்க்காரியா நிக்கிறேன்."

பஸ் வந்தது. இருவரும் அதே பஸ்ஸில்தான் போக வேண்டும்; வேறு பஸ் இல்லை. அவள் முன்னாலும் அவன் பின்னாலும் நின்றுகொண்டு போனார்கள். இறங்கின பிறகும் ஒரே பாதை, ஒரே லயம். அன்றிலிருந்து அவள் அவனோடு பேசவில்லை. ஜெனிற்றாவோடு மட்டும் பேசுவாள்.

ஆபீஸ் அவனுக்குப் புல் வெட்டும் வேலை கொடுத்தது. பின்னேரம் இரண்டு மணிக்கே முடிந்துவிடும். வீட்டில் அடங்கி இருக்க முடியாமல் ரோட்டுக்கு வருவான். அப்போதுதான், வளைவுக்கு மேல்பக்கம் பலகை இல்லையென்பது அவனுக்கு உறைத்தது. லொறி வந்த கீழ்ப்பக்கத்துக்கு மட்டும்தான் ஆபீசுக்குப் பலகை தேவைப்பட்டது. மேலேயிருந்து இறக்கத்தில் வருகிற பஸ்ஸும் வேனும் முன்பு போலவே பறந்து வந்தன. வழக்குக்கு ஆறு வாரம் கழித்து ஒரு மோட்டார் சைக்கிள் ஒரு பையனின் முழங்கையை உரசிக்கொண்டு போனது.

அடுத்த நாள் மூன்று மணிக்கு ரெஜினோல்ட் மேல்பக்கத்தில், ரோட்டோரத்தில் போய் நின்றான். வாகனம் வரும்போது கையைத் தூக்கினான். சிலர் நிறுத்தி என்னவென்று கேட்டார்கள். பஸ் சாரதிகள் திட்டினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும் அவனும் போவான். ஒரு வாரம் கழித்துச் சின்ன துரை ஜீப்பை நிறுத்தினார்.

"யார் உன்னை இங்கே நிற்கச் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை சேர்."

"உன்னை ஏதாவது அடித்தால் தோட்டம்தான் பதில் சொல்ல வேண்டும். நாளையிலிருந்து நிற்காதே."

அவன் மறுநாளும் நின்றான். ஆபீஸிலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னொன்று வந்தால் புல் வெட்டும் வேலையும் போகும். ஜெனிற்றா அதை வாசித்துவிட்டு, மடித்து, மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள். அன்று மலையிலிருந்து வந்த பெண்களிடம் பைப்படியில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை அவன் போனபோது அந்த இடத்தில் தெரேசம்மா நின்றாள். கொழுந்துக் கூடைக்குக் கீழே இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்கைக் கழற்றாமலே வந்திருந்தாள். கையில் ஒரு சிவப்புத் துணி. சரோன் கானின்மேல் இருந்த கற்பலகையில் உட்கார்ந்து, நீட்டிய காலை இரண்டு கையாலும் தடவிக்கொண்டு ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெஜினோல்ட் தயங்கி நின்றான். மேலே பஸ் ஹோன் அடித்தது. தெரேசம்மா துணியைத் தூக்கினாள். பஸ் மெதுவாகி, அவர்களைக் கடந்து, வளைவில் மறைந்தது.

"தெனம் ஒரே ஆள் நின்னாத்தானே கடுதாசி வரும்" என்றாள் அவள், ரோட்டைப் பார்த்தபடி. "நாளைக்கு ஜெனி. புதன் மேல் லயத்து ஆளுங்க. ஒங்க நாள் வெள்ளி."

"தெரேசம்மா..."

"நான் இன்னும் ஒங்களோட கோவம்தான். வீட்டுக்குப் போங்கண்ணே."

அவன் லயத்துப் பக்கம் திரும்பி நடந்தான்.